மழைக்கால வில்லு: நனையுறது பாதி, காய வைக்கிறது மீதி

ஐப்பசி பொறந்துட்டா என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற மர வில்லுல பாதிக்கு மேல ஒரே கதைதான், கிரவுண்டுல நனைஞ்சிருக்கும், வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடி வெயில்ல போட்டிருப்பாங்க இல்லன்னா ஹேர் ட்ரையர் காட்டியிருப்பாங்க, அடுத்த தடவை இழுக்கும்போது லிம்ப்ல (கைப்பிடிக்கு மேலயும் கீழயும் வளையுற பகுதி) படக்னு ஒரு சத்தம். மழையால போன வில்லை விட அவசரமா காய வெச்சு போன வில்லுதாங்க நான் அதிகம் பாக்குறேன்.

மரம் காத்துல இருந்தே ஈரத்தை இழுக்கும். காத்துல ஈரப்பதம் 50% இருந்தா மரத்துல அதோட காய்ஞ்ச எடையில 9% கிட்ட தண்ணி இருக்கும், 85% ஆச்சுன்னா அது 18% பக்கம் போயிடும். அதனால ஒரு சொட்டு மழை படாம சுவத்துல தொங்குற வில்லும் நவம்பர் மாச சென்னையில ஊறிக்கிட்டுதான் இருக்கு. ஊறின லிம்ப் தொய்ஞ்சிடும், பவுண்டு, அதாவது இழுக்க வேண்டிய பலம், குறையும், அம்பு கீழ இறங்கும், அந்த நிலையில நாண் மாட்டியே விட்டு வெச்சா வளைவு அப்படியே நின்னுடும், அப்புறம் நிமிராது. வேகமா காய வெச்சா வெளிப்பக்கம் முதல்ல சுருங்கும், உள்ள இன்னும் ஈரம், அந்த இழுபறியிலதான் கீறல் விழுது.

இங்கிலாந்துல 1545ல மூழ்கின மேரி ரோஸ் கப்பல்ல, 1982ல கப்பலை மேல தூக்குறதுக்கு முன்னாடி தோண்டினப்போ யூ (yew) மர வில்லுங்க நூத்துக்கும் மேல கிடைச்சுது. சேத்துக்குள்ள காத்தே படாம ஒரே ஈரத்துல கிடந்ததால அவ்ளோ வருஷம் தாங்குச்சு. நம்ம வில்லுக்கு அந்த பாக்கியம் இல்ல, ஒரே வாரத்துல நனைஞ்சு காய்ஞ்சு மறுபடி நனையுது.

முதல்ல பாக்க வேண்டிய இடம் நுனிதான். நாண் உக்கார்ற வெட்டை நல்ல வெளிச்சத்துல பாருங்க, நாண் தேய்ச்சு தேய்ச்சு பாலிஷ் போயி வெளிர் கோடு மாதிரி வெறும் மரம் தெரியும், நகத்தால தடவினா சொரசொரன்னு இருக்கும். நார் போற திசையில தண்ணி பல மடங்கு வேகமா ஏறும், அதனால வில்லு முழுக்க பளபளன்னு இருந்தும் அந்த ஒரு கோடு போதும் தண்ணி உள்ள போக. சீசனுக்கு முன்னாடி அங்க பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் மெல்லிசா ரெண்டு மூணு கோட் குடுங்க. வெறும் எண்ணெய் தடவுறது ஈரக்காத்தை பெருசா தடுக்காது. இந்தியன் ரவுண்ட் போட்டிப் பிரிவுல பிள்ளைங்க பிடிக்கிற மூங்கில் வில்லுன்னா உள்பக்கத்துலயும் கோட்டிங் கட்டாயம், தோல் பக்கத்தை விட அதுதான் சீக்கிரம் உறிஞ்சும்.

நனைஞ்சாச்சா, நாணை கழட்டுங்க, துணியால ஒத்தி எடுங்க, நிழல்ல ரெண்டு ஆணி மேல படுக்கையா வெச்சு ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. மூலையில சாத்தி வைக்காதீங்க, பைக்குள்ள போட்டு ஜிப்பும் போடாதீங்க, பூஞ்சை பிடிக்கும். நாண் மாட்டினதும் பின்னாடி இருந்து பாருங்க, நாண் லிம்ப் நடுவுல போகாம ஒரு பக்கமா ஒதுங்கினா முறுக்கியிருக்கு, இழுக்காம கோச்கிட்ட காட்டுங்க. கீறல் தெரிஞ்சா பெவிக்கால் ஊத்தி நூல் சுத்துற வேலையெல்லாம் வேணாம், 20 பவுண்டு வில்லா இருந்தாலும் அது உடையறப்போ பக்கத்துல இருக்குறது பிள்ளையோட முகம்.