கிணற்றில் மினுங்கிய கல்

வன்னியில் நெடுங்கேணிப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், சென்ற ஆண்டுக் கோடையில் ஒரு சொப்பிங் பை நிறையக் கற்களை என் மேசையில் கொட்டி, “ஐயா, இது பொன்னோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ, இன்னும் ஆருக்கும் காட்டேல்லை” என்றார். உண்மையில் ஒருவருக்குக் காட்டியிருந்தார். அந்த மனிதர் “நிலத்தைப் பார்க்கும் மெசின்” கொண்டுவருவதாகச் சொல்லி முற்பணமும் கேட்டிருந்தார்.

கற்களில் மினுங்கியது கருநிற மைக்கா. வெயிலும் மழைநீரும் பட்டு உக்கும்போது அது கருமை இழந்து பொன்னிறமாகும். நம் முன்னோர் மைக்காவுக்குக் காக்காப்பொன் என்று பெயர் வைத்தது சும்மா அல்ல. கத்தி நுனியால் நெம்பினேன், ஏடு ஏடாகக் கழன்றது. பொன் அப்படிக் கழலாது. இரண்டு கற்களில் மட்டும் கடுகளவு பித்தளை நிறக் கனசதுரங்கள் இருந்தன. அவற்றைத் தரை ஓட்டின் மெருகிடாத அடிப்பக்கத்தில் தேய்த்தபோது பச்சை கலந்த கரிய கோடு விழுந்தது. அது பைரைட்டு, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பொன் மஞ்சளாகவே கோடு போடும். சுத்தியலால் தட்டினால் தகடாகும், பைரைட்டைப் போல நொறுங்காது.

மினுக்கத்தைத் தேடுவதே முதற் பிழை. சாதாரணப் பாறையில் ஒரு தொன்னுக்குச் சில மில்லிகிராம் பொன்தான் உண்டு. ஒரு தொன்னில் 5 கிராம், அதாவது ஒரு பவுனிலும் குறைவாக, இருந்தாலே நல்ல தாது எனலாம்; அதுவும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கான இந்தச் செறிவை உண்டாக்குவது தண்ணீர். மலைகள் எழும் காலத்தில் ஆழத்தில் புதையும் பாறைகள் சூடேறி உருமாறும்போது, அவற்றின் கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீரும் கரியமில வாயுவும் கந்தகமும் வெளியேறி, கந்தகத்தோடு பிணைந்த பொன்னையும் சுமந்துகொண்டு பிளவுகளின் வழியே மேலே ஏறுகின்றன. நிலநடுக்கத்தில் பிளவு திறந்து அழுத்தம் சட்டென்று குறையும்போதோ, சுவர்ப் பாறையின் இரும்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்துப் பைரைட்டாக மாறும்போதோ, துணையிழந்த பொன் படிந்துவிடுகிறது. ஆகவே பைரைட்டைப் பொன்னின் பகை என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனெனில் பல சுரங்கங்களில் பொன் அதனுள்ளேதான் ஒளிந்திருக்கிறது. அதை அறியக் கண் போதாது. கல்லை அரைத்து உருக்கி மதிப்பிடும் ஆய்வுகூடச் சோதனை வேண்டும்.

நம் மக்கள் பலரும் பெயரளவில் அறிந்த கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் இவ்வகைப் படிவுதான். ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழைய எரிமலைப் பாறைகள் உருமாறிய கரும்பாறையில் பிளவுகளை நிரப்பிய வெண்ணிறக் குவார்ட்ஸ் (படிகக்கல்) நாளங்கள் ஓடுகின்றன. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அந்த நாளங்களைத் தொடர்ந்து 3 கிலோமீற்றருக்கும் கீழே இறங்கினார்கள். 2001 பெப்ரவரியில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

இத்தகைய நாளம் எப்படி உருவானது என்று ஆராய்பவர், முதலில் அது பாறையின் படைகளை வெட்டிச் செல்கிறதா, அவற்றோடு சேர்ந்து மடிந்திருக்கிறதா என்று வெளிக்களத்தில் அளப்பார், ஏனெனில் பொன் உருமாற்றத்துக்கு முன்பு வந்ததா பின்பு வந்ததா என்பதற்கு அதுவே முதற் சாட்சி. பிறகு குவார்ட்ஸை இருபுறமும் மெருகிட்டுச் சீவி நுணுக்குக்காட்டியில் வைப்பார். அதற்குள், மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்கு அளவான குழிகளில், அன்று ஓடிய அதே நீர் இன்றும் சிறைப்பட்டிருக்கும். சீவிய தட்டைச் சூடாக்க, அந்த நீருக்குள் இருக்கும் ஆவிக் குமிழி அசையும், சுருங்கும், திடீரென்று காணாமற்போகும். அந்த வெப்பநிலையே நீர் சிறைப்பட்டபோது குறைந்தது எவ்வளவு சூடாக இருந்தது என்பதைச் சொல்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

வன்னிக்கு வருவோம். இலங்கையின் வடமேற்குப் பாறைத் தொகுதிக்கே புவிச்சரிதவியலில் வன்னித் தொகுதி என்றுதான் பெயர். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 700 பாகை செல்சியஸை அண்டிய வெப்பத்தில் வெந்து உருமாறிய, வரிவரியான நைஸ் பாறைகளே இங்கு மிகுதி. இவ்வகைப் பொன் படிவுகளில் பெரும்பாலானவையோ 250 முதல் 400 பாகையில், இதைவிடக் குறைவாக உருமாறிய பாறைகளில் அமைந்தவை. இவ்வளவு வெந்த பாறையிலிருந்து நீர் எப்போதோ வெளியேறி மேலே போயிருக்கும். அந்த மேற்பகுதியும் பிறகு அரிபட்டுப் போய்விட்டது. ஆகையால் கிணற்று மண்ணின் மினுக்கத்தை நம்பிக் காணியை ஈடு வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றிக் கனிமம் தேடுவதும் தோண்டுவதும் குற்றம். பாதரசம் ஊற்றிப் பொன் பிரிக்கலாம் என்று காணொளி பார்த்துவிட்டு வருபவர்களிடம் இன்னும் கடுமையாகப் பேசுகிறேன், ஏனெனில் அதைச் சூடாக்கும்போது எழும் ஆவி அடுப்பங்கரையிலுள்ள அத்தனை பேரின் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் கெடுக்கும்.

கிணறு வெட்டியவரின் முகம் வாடிவிட்டது. கல் எத்தனை அடியில் வந்தது என்று கேட்டேன். 18 அடி என்றார். காக்காப்பொன் மினுங்கும் அந்த உக்கிய படையில்தான் எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்குத் தண்ணீர் ஊறும் என்றும், இறுகிய கருங்கல் தட்டுப்படும்வரை வெட்டச் சொல்லுங்கள் என்றும் கூறினேன். கற்களைத் திரும்பப் பைக்குள் போட்டவர், பைரைட்டு இருந்த இரண்டை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டவென்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.