ஸ்பில்வே: மதகு அல்ல, கலிங்கு

மலேசியாவின் கோலகுபு பாருவில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் சாப்பாட்டுக் கடைப் பேச்சு அணைக்கட்டுக்குத் திரும்பிவிடும். ஊருக்கு மேலே சிலாங்கூர் ஆற்றை மறித்து 110 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஒரு பாறைக்கல் அணை. “டேம் நிரம்பி வழிகிறதாமே தம்பி, தாங்குமா?” என்று கேட்டார், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர். வழிந்தது அணை அல்ல, அதன் ஸ்பில்வே. அந்த வேறுபாட்டைச் சொல்ல என் வாயில் உடனே ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை.

கொள்ளளவுக்கு மேல் வரும் வெள்ளத்தை அணைக்குச் சேதமின்றி ஆற்றில் இறக்கிவிடும் வழிக்குத்தான் ஸ்பில்வே என்று பெயர். ‘ஸ்பில்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் அழித்தல், கொல்லுதல். பிறகு குருதி சிந்துதல். அதற்கும் பிறகே நீர் சிந்துதல். மலாயில் ‘அலுர் லிம்பா’: அலுர் என்பது ஓடை, லிம்பா என்பது வழிதல்.

தமிழில் இதற்குக் கலிங்கு என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. பேச்சில் கலுங்கு. சென்னை மாகாணத்து ஆங்கிலப் பொறியாளர்கள் வேறு சொல் தேடாமல் ‘கலிங்குலா’ என்றே அறிக்கைகளில் எழுதினார்கள். நெல்லைப் பக்கம் குளம் ‘மறுகால் பாயும்’. வட மாவட்டங்களில் ஏரி ‘கோடி போகும்’. இலங்கையில் ‘வான் பாயும்’. எல்லாமே மகிழ்ச்சியான செய்திகள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த தோட்டங்களில் பால்மரம் இருந்தது, ஏரிப் பாசனம் இல்லை. சொல் தங்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மதகு என்று எழுதுவது பிழை. மதகு கரையின் அடியில் இருப்பது. பாசனத்துக்காக நாம் திறந்துவிடுவது. கலிங்கு நீர்மட்டத்தின் உச்சியில் இருப்பது. கதவில்லாக் கலிங்கு யாரையும் கேட்காமல் தானே பாயும்.

பெரியவரின் கேள்விக்கு விடையும் இங்கேதான். மண் அணையும் பாறைக்கல் அணையும் எவ்வளவு பருமனாக இருந்தாலும், தலைக்கு மேல் நீர் புரண்டால் அரித்துப் போகும். ஆகவே வெள்ளத்தைத் தாங்குமா என்பது பெரும்பாலும் கலிங்கின் அகலத்தைப் பற்றிய கேள்வி. குஜராத்தின் மச்சு அணைக்கு 1979 ஆகஸ்டில் வந்த வெள்ளம், கட்டும்போது கணக்கிட்டதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நடுவில் கல்லால் கட்டிய கலிங்கு நின்றது; இரு பக்க மண்கரைகளும் போயின, கீழே மோர்பி நகரமும் அழிந்தது. நம் ஊரின் பழைய கோலகுபுவுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 1883 அக்டோபரில் அங்கிருந்த அணை உடைந்து ஊரை அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரி ரேங்கிங்கும் மாண்டார். பின்னாளிலும் வெள்ளம் விடாததால்தான் மேட்டில் புதிய ஊர் எழுந்தது. ‘பாரு’ என்றால் புதியது.

கதவு வைத்த கலிங்கு வேறு கதை. 2013 அக்டோபரில் கேமரன் மலை ரிங்லெட் அணையைக் காப்பாற்ற இரவில் நீரைத் திறந்துவிட்டார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. அந்தக் கதவுக்கு இலங்கைத் தமிழர் வைத்திருக்கும் பெயர் வான்கதவு. அகராதிகளில் வரும் ‘மிகைநீர்ப் போக்கி’யை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியவரிடம், “டேம் வழியவில்லை ஐயா, கலுங்கு பாய்கிறது” என்றேன். “அட, கோடி போகிறதா? அதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே!” என்றார்.