செஷன் என்றால் கூட்டத்தொடர் அல்ல, அமர்வு

"உங்கள் கூட்டத்தொடர் காலாவதியாகிவிட்டது." மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரர் தன் தளத்தில் விலையை மாற்றப் போனபோது திரையில் வந்த வரி இது. யாருடைய கூட்டம், எப்போது கூடியது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழாக்கிய நிர்வாகப் பக்கங்களில் இதே வரியைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

கூட்டத்தொடர் என்று அங்கே தமிழாக்கியிருப்பது ஆங்கிலத்தின் செஷன் (session). லத்தீன் வழி வந்த சொல், வேர்ப்பொருள் உட்கார்தல். தமிழில் அமர்வு. சொல்லின் வரலாறு இவ்வளவுதான்.

சட்டமன்றம் பல நாள் தொடர்ந்து கூடினால் அது கூட்டத்தொடர். அங்கே அந்தச் சொல் சரி. இணையத் தளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியில் கூட்டமும் இல்லை, தொடரும் இல்லை. ஓர் உலாவி, தளம் இருக்கும் கணினியான ஒரு வழங்கி, இவ்விரண்டுக்கும் நடுவே வந்தவர் யார் என்று ஒரு நினைவுக் குறிப்பு. உலாவி சேமித்து வைக்கும் குக்கி என்ற சிறு துணுக்கில் இருப்பது வெறும் அடையாளக் குறி, கோயில் வாசலில் செருப்பு விட்டால் தரும் டோக்கன் மாதிரி. பொருள் இருப்பது வழங்கியில். வழக்கமான அமைப்பில் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம், தொடாமல் கிடந்தால் அது குப்பைக்குப் போகத் தகுதி பெற்றுவிடும்.

பிஎச்பியில் எழுதிய தள நிர்வாக மென்பொருளான ட்ரூபலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தரவுத்தளத்தில் செஷன்ஸ் என்ற அட்டவணையைத் திறந்தால் பயனர் எண், ஐபி முகவரி, கடைசியாக வந்த நேரம், கடைசியில் சேமித்த தரவு. ஒரு வரிசை ஓர் உலாவிக்கு. தரவில் ஊர்ப்பெயராக 'நாகர்கோவில்' இருந்தால் பக்கத்தில் நீளம் 33 என்றிருக்கும். எழுத்து ஆறுதானே என்று குழம்ப வேண்டாம். நீளம் பைட்டில் எண்ணப்படுகிறது. மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக 11 குறியீடுகள், எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சேமித்த இந்தத் தரவு வரியை, பிஎச்பியின் அன்சீரியலைஸ் என்ற செயற்கூறு பிரிக்காது, முன்னால் பெயரும் செங்குத்துக் கோடும் நிற்பதால். செஷன் டிகோட் என்ற இன்னொரு செயற்கூறு பிரிக்கும். ஆனால் பிரித்ததை அப்போது நடக்கும் உங்கள் அமர்விலேயே கொண்டுவந்து கொட்டும். ஒரே பெயரில் உங்களுடையது ஏதாவது இருந்தால் அது அழியும். அடுத்தவர் அமர்வைப் பார்க்கப் போய்த் தன் அமர்வைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆளுக்கொன்றாக, ஒன்றோடொன்று கலக்கக் கூடாததாக இருக்கும் ஒன்றைக் கூட்டம் என்பதா?

'இருப்பு' என்று சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்ல "இரியுங்க" என்றுதான் சொல்கிறோம். ஆகவே அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இருப்பு என்றதும் கடைச் சரக்கும் வங்கிக் கணக்கும்தான் நினைவுக்கு வரும். விற்பனைத் தளத்தில் "இருப்பு முடிந்தது" என்று வந்தால் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். 'அமர்வு நேரம்' என்பதும் வேண்டாம். நேரம் அதன் எல்லை மட்டுமே. உள்ளே இருக்கும் தரவு அந்தச் சொல்லில் காணாமல் போகிறது.

அமர்வு யாருக்கும் புதிதும் அல்ல. நாகர்கோவிலில் மாவட்ட அமர்வு நீதிமன்றம் என்று வழக்குக்குப் போகிறவர் எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே பழகிய சொல்லைத் திரையில் ஏன் கைவிட வேண்டும்?

மொழிபெயர்ப்பவர்கள் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. தனித்தனி வரியாகக் கையில் வருகிறது, அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். ஆங்கிலத்தின் 'ரீட்' என்பதற்கு 'அமர்வுத் தரவைப் படி' என்று எழுதுவதும் அப்படி வந்ததே. பிள்ளைகள் பாடம் படிக்கும். நிரல் தரவை எடுக்கும். வேலை செய்கிறவர்கள் வாயில் "செஷன்ல இருந்து எடு" என்றுதான் வருகிறது. ஆகவே அமர்வு, அமர்வு அடையாளம், அமர்வுத் தரவை எடுத்தல். காலாவதி அறிவிப்புக்கு: "உங்கள் அமர்வு முடிந்தது, மீண்டும் உள்நுழையுங்கள்."