பேட்டரியை மின்கலம் என்று சொல்லலாமா?

"சார், நீங்க எழுதிக் கொடுத்த பேப்பர்ல, ஒரு மின்கலம் 3.65 வோல்ட்டைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. மீட்டர்ல அப்பவே 13.4 காட்டுச்சு. பயந்துபோய் சோலார் லைனைக் கழட்டி வெச்சுட்டேன்."

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்யும் தம்பி ஒருவர் இதைச் சொன்னபோது, கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த என் நண்பரின் பாய்மரப் படகு அது, 38 அடி நீளம். பேட்டரி, சோலார் வேலைகளைத் தம்பி ஏற்றிருந்தார். கூட வந்த ஆங்கிலக் கையேட்டில் முக்கியமான நான்கு பக்கங்களை அவருக்காகத் தமிழாக்கிக் கொடுத்தவன் நான். 'செல்' வந்த இடத்திலும் 'மின்கலம்' என்று எழுதினேன், 'பேட்டரி' வந்த இடத்திலும் 'மின்கலம்' என்றே எழுதினேன். 3.65 வோல்ட் ஒரு செல்லின் எல்லை, மீட்டர் காட்டிய 13.4 நான்கு செல் சேர்ந்த முழு பேட்டரியின் அளவு. அவர் படித்தது சரிதான், நான் எழுதியதுதான் தவறு. நாங்கள் போய்ப் பார்த்தபோது ஃப்ரிட்ஜ் ஓடியே பேட்டரி முழுதும் இறங்கி, உள்ளிருக்கும் காப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்திருந்தது. நடுக்கடலில் நடந்திருந்தால் திசைகாட்டும் கருவியிலிருந்து ரேடியோ வரை எல்லாம் அணைந்திருக்கும். அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறேன்.

காசிமேட்டுக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு விடையில் பாதி வழியிலேயே கிடைத்துவிடும். கடற்கரை ரயில் நிலையம் தாண்டி ராயபுரம் போகும் வழியில் ஒரு நிறுத்தத்தின் பெயர் கிளைவ் பேட்டரி. அங்கே மின்சாரத்தை யாரும் சேமித்து வைக்கவில்லை. கடலைப் பார்த்து வரிசையாகப் பீரங்கிகளை நிறுத்திய இடம் அது. 'பேட்டரி' என்றால் முதலில் பீரங்கி வரிசைதான். அடிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அடிப்பது, அடித்து நொறுக்கும் பீரங்கி, பிறகு சேர்ந்து சுடும் பீரங்கிகளின் கூட்டம் என்று பொருள் நகர்ந்தது.

அதை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 11 பெரிய கண்ணாடிப் பலகைகளை எடுத்து, ஒவ்வொன்றின் இரு பக்கமும் மெல்லிய ஈயத் தகடு பொருத்தி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, அந்த அமைப்பை 'மின் பேட்டரி' என்று 1749இல் லண்டன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அழைத்தார். ஒரு பலகை தனியாகக் கொடுக்கும் அதிர்ச்சியைவிடப் பதினொன்றும் சேர்ந்து கொடுப்பது பெரிது. பல பீரங்கிகள் ஒரே நேரத்தில் வெடிப்பதைப் போல. ஆகவே 'பேட்டரி' என்ற சொல்லின் உயிர் அதன் பன்மையில் இருக்கிறது. தனி ஒன்று பேட்டரி ஆகாது.

1800 மார்ச்சில் இத்தாலியர் வோல்டா துத்தநாக வட்டையும் வெள்ளி வட்டையும் மாற்றி மாற்றி வைத்து, நடுவில் உப்புநீரில் நனைத்த அட்டையைச் செருகி ஒரு தூண் எழுப்பினார். தொடர்ந்து மின்னோட்டம் தரக்கூடிய முதல் அமைப்பு அதுதான். அவர் அதைப் பீரங்கியோடு ஒப்பிடவில்லை. இத்தாலியத்தில் 'பிலா', பிரெஞ்சில் 'பில்' என்ற பெயர்கள் நிலைத்தன. இரண்டுக்கும் பொருள் அடுக்கு. டார்ச் லைட்டில் போடுவதைப் பிரெஞ்சுக்காரர் இன்றும் 'பில்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். 'மின்கலம்' என்பதில் 'கலம்' பெரிய சொல். சமையலறைப் பாத்திரம் கலம். உண்கலம், மட்கலம் எல்லாம் நமக்குத் தெரிந்தவை. நெல் அளக்கையில் 12 மரக்கால் ஒரு கலம். கடலில் போனால் கப்பலும் கலம். "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டில் முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிப் போகும் கப்பலைச் சொல்லும் இடம் பலருக்கும் நினைவிருக்கும். கலங்கரை விளக்கத்தில் இருப்பதும் அதே கலம். மரக்கலம் போய் இன்று விண்கலம் வரை வந்திருக்கிறோம். ஒன்றை உள்ளே வைத்துத் தாங்குவது எதுவோ அது கலம்.

ஆங்கில 'செல்', சிறு அறை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் கலைச்சொல்லாக்கிகள் அறையை விட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுத்தார்கள். பொருத்தமான தேர்வு என்பேன். 1836இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேனியல் செய்த மின்கலம் உண்மையிலேயே ஒரு பாத்திரம், உள்ளே கரைசலும் தகடுகளும். இலங்கைப் பாடநூல்களில் உயிரியலின் 'செல்'லும் 'கலம்' என்றே வருகிறது. ஆக மின்கலம் என்பது செல்லுக்கு நேரான சொல். பேட்டரிக்கு அதுவல்ல. பேட்டரிக்கு 'மின்கல அடுக்கு' என்ற சொல் அறிவியல் தமிழில் ஏற்கெனவே உண்டு. இலங்கையில் 'மின்கலவடுக்கு' என்று சேர்த்து எழுதுவார்கள். பேச்சுக்கு நீளம் என்று நாம் வாலை வெட்டிவிட்டோம். வெட்டிய வாலில்தான் பொருள் இருந்தது.

'அடுக்கு' வோல்டாவின் தூணுக்கு நிலைத்த 'பிலா'வுக்கு நேராக நிற்பதோடு நம் வீட்டுச் சொல்லாகவும் இருக்கிறது. மூன்றடுக்கு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிண்ணமும் கலம், கைப்பிடி போட்டுத் தூக்குகிற மொத்தமும் அடுக்கு. ஒரு கிண்ணத்தில் ரசம் எவ்வளவு கொள்ளும் என்பதும் கேரியர் எவ்வளவு உயரம் என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சுத் தமிழ் இதில் நம் மொழிபெயர்ப்பைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. "ரெண்டு கட்டை லைட்டு", "மூணு கட்டை டார்ச்" என்பார்கள். உள்ளே போடும் ஒவ்வொன்றும் பேட்டரிக் கட்டை, மொத்த விளக்குக்குப் பெயர் பேட்டரி லைட். எத்தனை கட்டை என்று கேட்டால் எத்தனை செல் என்று கேட்டதாக அர்த்தம். இந்தக் 'கட்டை'யை அகராதியில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

கரையில் இந்த வேறுபாடு பெரிதாகப் படாததற்குக் காரணம் உண்டு. நம் வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. மேலே ஆறு மூடி இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோமே, அந்த ஆறு. ஒவ்வொரு மூடிக்குக் கீழும் சுமார் 2 வோல்ட் மின்கலம் ஒன்று, ஆறும் சேர்ந்து 12 வோல்ட். ஆறில் ஒன்று சற்று முன்னே பின்னே இருந்தாலும் கொஞ்சம் கூடுதலாக மின்னேற்றினால் சமமாகிவிடும். 1859இல் பிரெஞ்சுக்காரர் பிளான்டே கண்டுபிடித்த இந்த வகை பெரும் பொறுமைசாலி. பழைய பாடநூல்கள் இதைச் 'சேமக்கலம்' என்றன. சேமித்து வைக்கும் கலம் என்பது அழகான சொல்தான், ஆனால் ஒரு கலமா ஆறு கலமா என்பதை அதுவும் சொல்வதில்லை.

தொலைதூரப் படகுகள் இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாறிவருகின்றன. ஏ.கே. பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்எனஃப் ஆகிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தொடங்கிய வகை இது. மின்கலம் ஒன்றுக்கு 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. மேல் எல்லை கலத்துக்கு 3.65 வோல்ட், அடுக்குக்கு 14.6. கீழ் எல்லை கலத்துக்கு 2.5. இங்கே பொறுமை கிடையாது. அடுக்கு மொத்தம் 14.2 என்று பத்திரமாகக் காட்டும்போதே மூன்று கலங்கள் 3.5இல் இருக்க, நான்காவது 3.7ஐத் தொட்டு எல்லையைத் தாண்டியிருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகக் கண்காணிக்க பி.எம்.எஸ். என்ற காப்புச் சுற்று உள்ளே இருக்கிறது. மின்கல மேலாண்மை அமைப்பு என்று தமிழில் எழுதுகிறோம், அதில் 'கலம்' மிகச் சரியாக விழுந்திருக்கிறது.

ஏன் மாறுகிறார்கள் என்பதைக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். நண்பரின் படகில் ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் எடுத்து நாளில் பாதி நேரம் ஓடும், ஐந்தைப் பன்னிரண்டு மணி நேரத்தால் பெருக்கினால் 60 ஆம்பியர்-மணி. தானியங்கிச் சுக்கான் சராசரி 3 ஆம்பியர், 24 மணி நேரமும், அது 72. திசைகாட்டும் திரையும் கப்பல்களைக் காட்டும் கருவியும் ரேடியோவும் சேர்த்து 48. விளக்கு, விசிறி, போன் எல்லாவற்றுக்கும் 20. ஆக நாளைக்கு 200. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையில் 700 கடல் மைலுக்கு மேல், மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் ஆறு நாள். அவர் வாங்கியது 200 ஆம்பியர்-மணி லித்தியம் அடுக்கு இரண்டு, மொத்தம் 400. இதில் 80 முதல் 90 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். ஈய-அமிலம் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதே பயன்பாட்டுக்கு ஏறக்குறைய 680 வேண்டும். எடை லித்தியத்தில் 50 கிலோவுக்குப் பக்கம், ஈயத்தில் 200 கிலோவை நெருங்கும். படகு புரண்டு கடல்நீர் பேட்டரிப் பெட்டிக்குள் புகுந்தால் ஈய-அமில வகையில் குளோரின் வாயு கிளம்பும் ஆபத்து வேறு.

லித்தியத்துக்கும் சிக்கல் உண்டு. என்ஜினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தரக்கூடிய மின்னோட்டம் முழுவதையும் அது உறிஞ்சப் பார்க்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம். மின்னேறிக்கொண்டிருக்கும்போது காப்புச் சுற்று சட்டென்று துண்டித்தால் எழும் மின்னழுத்தத்தில் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடலாம். என்ஜினைக் கிளப்பத் தனி ஈய-அமில பேட்டரி வைத்து, அதிலிருந்து லித்தியத்துக்கு மின்னோட்டத்தை ஓர் அளவுக்குள் வைக்கும் டிசி-டிசி சார்ஜர் வழியாக ஏற்றுவது பாதுகாப்பான வழி. நண்பர் படகில் தம்பி அப்படித்தான் செய்திருக்கிறார்.

அந்த இரண்டு அடுக்குகளும் பக்க இணைப்பில் சேர்ந்ததை ஆங்கிலத்தில் 'பேங்க்' என்பார்கள். இதற்கு 'மின்கலத் தொகுதி' என்ற பெயரை ஒதுக்கிவிடலாம் என்பது என் யோசனை. நான்கு மின்கலம் ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு ஒரு தொகுதி. மூன்று நிலைக்கும் மூன்று சொல் இருந்தால் எந்த எண் எதற்குரியது என்று மாலுமிக்குக் குழப்பம் வராது.

சோலாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூரிய மின்கலம் என்பது பலகைக்குள் கட்டம் கட்டமாகத் தெரியும் ஒவ்வொன்றும், முழுப் பலகை சூரிய மின்தகடு. இங்கும் கலத்தைப் பிரித்துச் சொல்வதில் பயன் இருக்கிறது. கலங்கள் தொடராக இருப்பதால் பாய்மரக் கயிற்றின் நிழல் சில கலங்கள் மேல் விழுந்தாலே தகட்டின் பெரும்பகுதி சோர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தகட்டுக்கும் தனிக் கட்டுப்படுத்தி வைப்பது நல்லது. 600 வாட் தகடு, நல்ல வெயில் 5 மணி நேரம், இழப்பு போக 70 சதவீதம் என்று வைத்தால் நாளைக்கு 2,100 வாட்-மணி, சுமார் 165 ஆம்பியர்-மணி. 35 குறைகிறது. ஆறு நாளைக்கு 210, முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால் தொகுதி தாங்கும். மூன்று நாள் மேகம் மூடினால் என்ஜினைப் போட்டே ஆக வேண்டும். தகடு பரப்ப இடம் அதிகமுள்ள இரட்டை உடல் படகுகளை உலகமே 'கேட்டமரன்' என்கிறது. நம் கரையின் 'கட்டுமரம்' என்ற சொல்தான் அது. நம்முடையது சேர்த்துக் கட்டிய மரத் தெப்பம், இரட்டை உடல் பசிபிக் தீவுக்காரர்களின் கலை. பெயர் மட்டும் நம்மிடமிருந்து போயிற்று.

கடைசியாக 'சார்ஜ்'. பேட்டரியைப் போலவே இதுவும் பீரங்கிக்குப் பழகிய சொல், துப்பாக்கியில் மருந்து திணிப்பதும் சார்ஜ்தான். தமிழில் 'மின்னூட்டம்', குழந்தைக்குச் சோறு ஊட்டும் அதே ஊட்டு. 'மின்னேற்றம்' என்றும் சொல்கிறோம், கலத்தில் சரக்கு ஏற்றுவதைப் போல. "சார்ஜ் ஏறிடுச்சு", "இறங்கிடுச்சு" என்று தெருவில் பேசுவது இந்த இரண்டாவதோடு ஒட்டிப்போகிறது. படகில் எழுதுவதற்கு ஏற்றம், இறக்கம் என்ற இணையே எனக்குப் பிடித்திருக்கிறது.

நான்கு பக்கங்களையும் திருத்தி எழுதி, லேமினேட் செய்து தம்பியிடம் கொடுத்தேன். ஒரு முறை முழுதும் படித்துவிட்டு, "மின்கலம்னா கட்டை, அடுக்குன்னா பாக்ஸு. அவ்வளவுதானே சார்?" என்றார். ஓரத்தில் அவர் கையாலேயே 'கட்டை' என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அன்று மாலை படகின் பதிவேட்டில் அவர் எழுதியது: "அடுக்கு 13.3. கட்டை நாலும் 3.32, 3.33, 3.32, 3.33. சோலார் லைன் மாட்டியாச்சு."