ஒரு கோடி கன்சோல் விற்றால் உங்கள் கேம் எத்தனை விற்கும்?

சிறு கேம் ஸ்டூடியோக்கள் முதலீட்டாளரிடம் கொண்டுபோகும் விற்பனைக் கணிப்புகளை முன்கூட்டியே படித்து, ஓட்டைகளைச் சுட்டிக்காட்டுவது என் வேலை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: "இந்தக் கன்சோல் இத்தனை கோடி விற்றிருக்கிறது, நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலே நமக்குப் போதும்." கன்சோல் என்பது கேம் ஆடுவதற்கென்றே விற்கும் பெட்டி. கேட்பதற்கு அடக்கமான ஆசையாகத் தெரியும். எனக்கு இந்த வரிதான் பயம். வீட்டை அடமானம் வைத்தவர்களும் இதை நம்பித்தான் வைக்கிறார்கள்.

நிண்டெண்டோ கம்பெனியின் வீ கன்சோலை எடுத்துக்கொள்வோம். 2006 கடைசியில் வெளிவந்து, மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது. ஜப்பானைத் தவிரப் பெரும்பாலான நாடுகளில் வீ ஸ்போர்ட்ஸ் என்ற கேம் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. டென்னிஸ், பௌலிங் ஆடத் தாத்தா பாட்டிகள்கூட வாங்கினார்கள். பலருக்கு அந்த ஒரு கேமே போதுமானதாக இருந்தது. 2009 மார்ச்சில், உலகம் முழுக்க 5 கோடி வீ ஆகிவிட்டதென்று நிண்டெண்டோ தலைவர் சடோரு இவாடா அறிவித்தார். அதே மாதம் சேகா வெளியிட்ட மேட்வேர்ல்ட், வீ அதிகம் விற்ற அமெரிக்காவில், முதல் மாதத்தில் சுமார் 66,000 பிரதிகள்தான் போயிற்று. விமர்சகர்கள் பாராட்டிய கேம் அது. ரத்தம் தெறிக்கும் சண்டை கேமுக்கு, குடும்பத்தோடு பௌலிங் ஆட வாங்கிய வீடுகளில் ஆள் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீ-க்கு விற்ற கேம்களின் மொத்தம் 92 கோடி. அதாவது கன்சோலுக்குச் சராசரி ஒன்பது. மோசமான சராசரியே அல்ல. ஆனால் அதில் வீ ஸ்போர்ட்ஸ் மட்டும் 8 கோடிக்கு மேல். கூடுதல் ரிமோட்டோடு சேர்த்துக் கொடுத்த வீ பிளே இன்னொரு 2.8 கோடி, மாரியோ கார்ட் 3.7 கோடி. நிண்டெண்டோவின் சொந்தக் கேம்களே கணிசமான பங்கை அள்ளிக்கொண்டன. சராசரியைப் பார்த்துத் திட்டம் போடும் வெளி ஸ்டூடியோ, தனக்குக் கிடைக்காத பங்கையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது.

கன்சோலைக் கேமுக்காகவே வாங்குவார்கள் என்பதும் நிச்சயமில்லை. 2000 மார்ச்சில் ஜப்பானில் சோனியின் பிளேஸ்டேஷன் 2 வந்தபோது விலை 39,800 யென். டிவிடி படம் பார்க்க மலிவான வழி என்றே பலர் வாங்கினார்கள். பிற்பாடு அதற்கு 150 கோடிக்கு மேல் கேம்கள் விற்றன, உண்மை. ஆனால் முதல் வருடத்தில் கேம் வெளியிட்டவர்களுக்கு அந்தப் பிற்பாடு உதவவில்லை.

நேர்மாறாகவும் நடக்கும். வீ-க்கு அடுத்து நிண்டெண்டோ விட்ட வீ யூ தோற்ற கன்சோல், 1.36 கோடிதான். ஆனாலும் மாரியோ கார்ட் 8 அதில் 84 லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கிய கொஞ்சப் பேரும் ஆட வாங்கியவர்கள்.

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2, செப்டம்பர் முடிவுக்குள் 1.03 கோடியைத் தாண்டியது. அந்தக் கன்சோலுக்கான கேம்கள் 2.06 கோடி. தலைக்கு இரண்டு. அதில் ஒன்று கிட்டத்தட்ட எல்லோரிடமும் மாரியோ கார்ட் வேர்ல்ட்: கன்சோலோடு சேர்த்து விற்றதையும் கூட்டி 95 லட்சத்துக்கு மேல். டாங்கி காங் பனான்சா 35 லட்சத்தை ஒட்டி. மிச்சம் முக்கால் கோடிக்குத்தான் மற்ற எல்லோரும் போட்டி போட்டார்கள். பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும் என்பதால், வாங்கியவருக்குப் புதிது தேடும் அவசரமும் இல்லை.

மறுவிற்பனைக்காரர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் கைக்குப் போன பெட்டியும் விற்பனைக் கணக்கில் ஏறும். அவர்கள் கேம் வாங்கமாட்டார்கள். ஸ்விட்ச் 2-ஐ யார் வாங்கலாம் என்று ஜப்பானில் தன் சொந்தக் கடையில் குலுக்கல் வைத்த நிண்டெண்டோ, பழைய ஸ்விட்ச்சில் 50 மணி நேரமாவது ஆடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அப்படியும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். என்னைக் கேட்டால், எத்தனை கோடி விற்றது என்பதைவிட ஒரு ஸ்டூடியோவுக்கு அதிகம் பயன்படும் எண் இதுதான். உண்மையில் ஆடுகிறவர்களை மட்டும் சலித்தெடுத்த எண்.

கம்பெனிகள் அறிவிக்கும் விற்பனை எண்ணிக்கை பெரும்பாலும் கடைகளுக்கு அனுப்பியது, வீட்டுக்குப் போனதல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

என்னிடம் கணிப்பு கொண்டுவருகிறவர்களைக் கன்சோல் எண்ணிக்கைப் பக்கத்தை அழிக்கச் சொல்கிறேன். அதற்குப் பதில், அதே கன்சோலில், அதே வகையில், அதே விலையில், உங்களைப் போன்ற சின்ன ஸ்டூடியோக்கள் வெளியிட்ட பத்து கேம்களைத் தேடி எடுங்கள். பேர் வாங்கியவற்றை மட்டும் பொறுக்காதீர்கள்; ஓடாதவையும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பத்தில் நடுவில் நிற்கும் கேம் சம்பாதித்திருக்கக்கூடிய தொகையை வைத்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் செலவைக் குறையுங்கள், அல்லது கணினிக்கு முதலில் வெளியிடுங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.