ஒட்டும்போதே பிரிப்பதையும் நினையுங்கள்: பயண ஆல்பம் செய்பவர்களுக்கு

காரைக்குடியில் பழைய காகிதங்களையும் புத்தகங்களையும் செப்பனிடுவது என் தொழில். சுற்றுப்பட்டு ஊர்களின் பெரிய வீடுகளிலிருந்து கணக்கேடுகளும் பத்திரங்களும் வரும். கூடவே பயண ஆல்பங்களும் வரும். ஒரே வீட்டின் மூன்று தலைமுறை ஆல்பங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது பெரும்பாலும் தெரிவது இதுதான்: அப்பத்தா வைத்திருந்தது நன்றாக இருக்கிறது. மருமகள் 1980களில் வாங்கியது பாழாகியிருக்கிறது. பேத்தி அண்மையில் ஆசை ஆசையாய் அலங்கரித்த ஸ்கிராப்புக்கில் இப்போதே மஞ்சள் தட்டுகிறது.

காரணம் பசை. அப்பத்தாவின் ஆல்பத்தில் கெட்டியான கறுப்புத் தாள்கள் இருந்தன. படங்களின் நான்கு முனைகளையும் முக்கோணக் காகித மூலைகளில் செருகியிருந்தார்கள். பக்கங்களுக்கு நடுவே மெல்லிய பட்டர் பேப்பர் இருந்தது. படத்தின் முதுகில் பசையே படவில்லை. பிறகு வந்த ஒட்டும் பக்க ஆல்பங்களில் அட்டை முழுக்கக் கோடு கோடாகப் பசை, மேலே கண்ணாடித்தாள். அந்தப் பசை ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறி இறுகிவிடுகிறது. கண்ணாடித்தாள் பிவிசி என்னும் பிளாஸ்டிக் என்றால் அது சிதையும்போது அமிலமும் வெளிவருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரத்தில் படத்தின் மேற்பரப்பு தாளோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் தாளோடு போய்விடும்.

ஆகவே பயண ஆல்பம் செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, எங்கள் தொழிலின் முதல் விதியைத்தான்: எதைச் சேர்த்தாலும், சேதமில்லாமல் பிரிக்க வழி வைத்துச் சேர்க்க வேண்டும்.

ஒரு வீட்டு ஆல்பத்தில் தனுஷ்கோடிக்கு எடுத்த அட்டை டிக்கெட் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ரயில் நிலையத்தின் டிக்கெட் அது. இன்னொன்று தேடினால் கிடைப்பது அரிது. யாரோ பத்திரப்படுத்தும் எண்ணத்தில் அதன் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பின் படலம் தானாகவே உதிர்ந்துவிட்டது; பசை மட்டும் அட்டைக்குள் இறங்கி, ஊர்ப் பெயர் மீது தேன் நிறக் கறையாக நிற்கிறது. அந்தக் கறையைக் கொஞ்சம் குறைக்கலாம், முழுதாக நீக்க இயலாது. டேப் ஒட்டிய காகிதம் எதுவானாலும் கடைசியில் இந்த நிலைக்குத்தான் வரும். அட்டைக்கும் மரத்துக்கும் போடும் வெள்ளைப் பசையும் இதற்கு உதவாது. காய்ந்தபின் தண்ணீருக்குக் கரையாது.

ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மைதாப் பசை போதும். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி, ஆறவிட்டு அன்றைக்கே பயன்படுத்துங்கள். பின்னாளில் ஈரம் காட்டினால் பிரிந்து வரும். முதுகு முழுக்கப் பூச வேண்டாம். மேல் விளிம்பில் ஒரு கோடு போதும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். ஆல்பத்துக்கு அதைச் சேர்க்காதீர்கள். அதிலுள்ள செம்பு காகிதத்தின் சிதைவை விரைவுபடுத்தும். புகைப்படத்துக்கு எந்தப் பசையும் வேண்டாம், மூலைகளே போதும். நல்ல காகிதத்தில் சிறு சதுரம் வெட்டி மடித்தால் மூலை தயார்.

இன்றைய பயணச் சீட்டுகள் வேறு வகைச் சிக்கல். நடத்துநரின் கைக்கருவியிலிருந்து வரும் பஸ் டிக்கெட்டிலும் பல ஓட்டல் ரசீதுகளிலும் மையே கிடையாது. காகிதத்தின் மேல் ஒரு வேதிப்பூச்சு இருக்கிறது; சூடு பட்ட இடம் கறுக்கிறது, அதுதான் எழுத்து. வெளிச்சம், கை எண்ணெய், பிளாஸ்டிக் உறை ஆகிய எல்லாமே அந்த எழுத்தை மங்கச் செய்யும். லேமினேஷன் கடையில் கொடுத்தால் சூட்டில் முழுச் சீட்டும் கறுத்துவிடும். ஊர் திரும்பிய வாரத்திலேயே சாதாரண ஜெராக்ஸ் எடுத்து அதைப் பக்கத்தில் வையுங்கள். ஜெராக்ஸ் தூள் பல ஆண்டுகள் நிற்கும். அசலைக் காகித உறையில் தனியே போட்டு வைக்கலாம்.

எதை வைப்பது, எதை விடுவது? பக்கத்திலிருக்கும் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் புத்தகங்களோடு கல்யாண அழைப்பிதழ்களையும் நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்தபின் அந்தத் தொகுப்பே சென்னையில் ஆய்வு நூலகமானது. ஊரார் குப்பையில் போட்ட துண்டுக் காகிதங்களிலிருந்து இன்று ஆய்வாளர்கள் வரலாறு எழுதுகிறார்கள். உங்கள் பயணத்திலும் அதே கண்ணோடு பாருங்கள். காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் தங்கிய ரசீது, கங்கை முன் நின்று எடுத்த பத்துப் படங்களைவிட அதிகம் சொல்லும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு சீட்டு, கையெழுத்தில் சில வரிகள் என்று வைத்தால் பக்கம் மூச்சுவிடும். ஹம்பிக் கல்தேர் படத்துக்கு அருகே அதே தேர் அச்சான 50 ரூபாய் நோட்டையும், குஜராத்தின் ராணி கீ வாவ் படிக்கிணற்றுப் படத்துக்கு அருகே 100 ரூபாய் நோட்டையும் வைப்பவர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த யோசனை. ஆனால் நோட்டை ஒட்டாதீர்கள், மடித்த காகிதப் பையில் செருகுங்கள். சீட்டுகளுக்கும் அப்படித்தான்: குறுக்கே ஒரு காகிதப் பட்டை, அல்லது சீட்டைச் செருக ஆல்பத் தாளிலேயே இரண்டு கீறல். இவையே அலங்காரமும் ஆகும். ஓரத்தில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வடிவத்தைக் கலர் பென்சிலால் வரைந்துகொள்ளலாம். ஜிகினாவும் பிளாஸ்டிக் ஸ்டிக்கரும் வேண்டவே வேண்டாம்.

தாளைப் பொறுத்தவரை, அமிலமற்றது என்று கேட்டு வாங்குங்கள். பருத்திக் கூழில் செய்த கைக்காகிதமும் நல்லது. சார்ட் பேப்பரின் சாயம் ஈரத்தில் பக்கத்துப் பக்கத்துக்கு இறங்கும். கண்டாங்கித் துணியில் மேலட்டை போடுவதானால், துணியை நன்றாக அலசிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எழுதுவதில் கஞ்சத்தனம் கூடாது. பழைய ஆல்பங்களில் என்னை மிகவும் வருத்துவது பூச்சி அரித்த படங்கள் அல்ல. படம் தெளிவாக இருந்தும், நிற்பது யார், எந்த ஊர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாத படங்கள்தான். பெயர், உறவு, ஊர், மாதம், ஆண்டு ஐந்தையும் எழுதுங்கள். டிக்கெட்டில் கல்கத்தா என்று இருந்தால் கல்கத்தா என்றே எழுதுங்கள். ஊர்ப் பெயர் கொல்கத்தா என்று மாறிய 2001க்கு முந்தைய பயணம் அது என்று பின்னால் வருபவர் அறிவார். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா முன்பக்கம்வரை தடம் பதிக்கும்.

திருநீறு, குங்குமம், துளசி போன்ற பிரசாதங்களைப் படத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். குங்குமம் கறையாகும், காய்ந்த இலை பூச்சியை அழைக்கும். தனிக் காகிதப் பொட்டலத்தில் கட்டி, ஆல்பத்துக்கு வெளியே வையுங்கள். கடற்கரைப் பயணங்களில் பவளத் துண்டு எடுத்து வருவதோ, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முடிந்த ஆல்பத்தைப் பரணில் போடாதீர்கள். ஓட்டுக்கு அடியில் வெயில் காலத்துச் சூடு கடுமையானது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் மழையில் ஓதம் காக்கும். வீட்டின் உள்ளறையில், பீரோவின் நடுத்தட்டில் படுக்கை வசமாக வையுங்கள். துணியில் முடிந்த வசம்பு அருகில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து புரட்டுங்கள். காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு ஆள் நடமாட்டமில்லாத இருட்டுதான் பிடிக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ஒட்டும் பக்க ஆல்பம் இருந்தால், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடித்தாளை ஒரு மூலையிலிருந்து மெல்ல விலக்கிப் பாருங்கள். தாள் வந்துவிட்டால், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, இழைத்து இழைத்து நகர்த்துங்கள். பெரும்பாலான படங்கள் இப்படியே வந்துவிடும். வராத படத்தை வளைக்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், தண்ணீரில் போடாதீர்கள். அட்டையைச் சுற்றி வெட்டி, படத்தை அட்டையோடு சேர்த்து எடுத்து, அப்படியே புதிய பக்கத்தில் மூலைகளில் செருகிவிடுங்கள்.