தோட்டத்தில் ரயில் விடுங்கள், ட்ரான்ஸ்போமரை வெளியே விடாதீர்கள்

கரண்ட் வேலை பார்க்கிற நான் போன கிழமை திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றடியையும் எலுமிச்சை மரத்தையும் சுற்றி மாதிரி ரயில் பாதை ஒன்று போட்டிருந்தார்கள். பேரனுக்காகத் தாத்தா தன் கையாலேயே சல்லி பரப்பி, சின்னப் பாலமும் கட்டியிருந்தார். பார்க்கவே ஆசையாக இருந்தது. அந்தப் பேரனுக்குத்தான் கரண்ட் அடித்திருக்கிறது.

தண்டவாளத்தில் அடிக்கவில்லை. வீட்டுக் கரண்டைக் குறைத்து ரயிலுக்குக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமரை, மழை படாதிருக்க ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மரத்தடியில் மறைத்திருந்தார்கள். உள்ளே எக்ஸ்டென்ஷன் வயரின் ஒட்டு நனைந்து தகரம் முழுக்கக் கரண்ட். தொட்ட பிள்ளை கை சுட்டதோடு தப்பியது பெரிய காரியம்.

இந்த ரயில் விஷயத்துக்காக மட்டும் நான் போன மூன்றாவது வீடு இது. மூன்று வீட்டிலும் ஒரே பதில்: "தம்பி, இது வெறும் இருபத்திநாலு வோல்ட் விளையாட்டுச் சாமான்தானே."

ஐயா, அந்த இருபத்திநாலு வோல்ட் ட்ரான்ஸ்போமர் பெட்டிக்குப் பிறகு வருவது. பெட்டிக்கு முன்னால் இருப்பது 230 வோல்ட், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகிற அதே கரண்ட். பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் அந்த 230-ஐயும் ஈர மண்ணுக்குக் கொண்டுபோகிறீர்கள். ரயில் சின்னது என்பதால் பிளக்கில் வருகிற கரண்ட் சின்னதாகிவிடாது. தண்டவாளத்தைப் பிள்ளை தொடட்டும், பயமில்லை. நான் பயப்படுவது அந்தப் பெட்டிக்கும் அதற்குப் போகிற வயருக்கும்தான். மூன்று வீட்டிலும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

"தகரத்துக்குள்தானே இருக்கிறது" என்பார்கள். ஒக்டோபரில் தொடங்கினால் ஜனவரி வரை நமக்கு மழை. மற்ற மாதங்களில் கடல் காற்று. உப்பு ஈரம் மூடிக்குள்ளும் நுழையும், எறும்பும் நுழையும். தகரம் மழையை மறைக்கலாம், கரண்டை மறைக்காது. கரண்டைக் கைக்குக் கொண்டுவந்து கொடுக்கும்.

பெட்டியை ஏன் வெளியே கொண்டுபோகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பாதையின் தூரத்து முனையில் ரயில் இழுக்காது, உடனே பெட்டியைக் கிட்டே கொண்டுபோவார்கள். குற்றம் வயரில். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டர் தூரத்துக்கு 3 அம்பியர் போய்வந்தால் 6 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 2.5 வயர் போட்டால் இழப்பு ஒன்றேகால் வோல்ட்தான். கொஞ்சம் காசு கூடும். பெட்டி அறைக்குள்ளேயே இருக்கும், சுவரில் துளை போட்டுத் தாழ்ந்த வோல்ட் வயர் மட்டும் வெளியே போகும். இவ்வளவுதான் வேலை. அப்புறம் இங்கே பித்தளைத் தண்டவாளம் உப்புக் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். ரயில் தடுமாறினால் வோல்டைக் கூட்டாதீர்கள், தண்டவாளத்தைத் துடையுங்கள்.

கரண்ட் கசிந்தால் தானே விழுந்து நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பது அடுத்த பதில். உப்புவெளி வீட்டிலும் இருந்தது. மழைக்கு அடிக்கடி விழுகிறதென்று யாரோ அதை விட்டு வெளியால் வயர் கொடுத்திருந்தார்கள்! விழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேட வேண்டுமே தவிர, சொன்ன ஆளின் வாயை அடைக்கக் கூடாது. நல்ல நிலையில் இருந்தாலும் அது எல்லாவற்றையும் பிடிக்காது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் 30 மில்லி அம்பியர் அளவுக்கு வித்தியாசப்பட்டால்தான் விழும். ஒரு கை லைனிலும் மற்றக் கை நியூட்ரலிலும் பட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகள் இன்னொரு தொல்லை. 1968 முதல் வருகிற ஜெர்மன் எல்.ஜி.பி. ரயில்களின் 45 மில்லிமீட்டர் அகலப் பாதைதான் இன்றைக்கும் தோட்டங்களில் அதிகம். அங்கிருந்து வந்த இரண்டு முள் பிளக்கை நம் மூன்று துளை பிளக் பேஸில் போட, எர்த் துளையில் பேனாவைக் குத்தித் திறக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் பார்த்துப் பழகுகிறார்கள். கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பியது என்றால் பெட்டியின் அடியைப் பாருங்கள். 100-240 என்றிருந்தால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் நம் பிளக்கில் போடவே கூடாது, சூடேறி எரியும்.

ஏ.சி. கரண்ட் கொடுக்கும் பழைய ட்ரான்ஸ்போமர் இரண்டை ஒரே தண்டவாளத்தில் இணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றின் பிளக்கைக் கழற்றினாலும் மற்றது தண்டவாளம் வழியாக அதைப் பின்பக்கமாக இயக்கும். கையில் பிடித்திருக்கும் பிளக்கின் முள்ளில் 230 வோல்ட் வரை நிற்கும். தொழில் தெரிந்தவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் பற்றரியில் ஓடும் ரிமோட் எஞ்சின் வாங்குங்கள். தண்டவாளத்தில் கரண்டே வேண்டாம், உப்புக் காற்றைப் பற்றிய கவலையும் இல்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். பற்றரியை வெயிலில் வைத்தோ, எல்லோரும் தூங்கிய பிறகோ சார்ஜ் பண்ண வேண்டாம்.

மழை தொடங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். ட்ரிப் சுவிட்சில் 'டெஸ்ட்' என்ற சின்னப் பொத்தான் இருக்கும். இன்றைக்கே அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் ரயிலை ஓடவிடுவதற்கு முன் ஆளைக் கூப்பிடுங்கள். பேரப்பிள்ளை அடம்பிடிக்கும்தான். இரண்டு நாள் சமாளியுங்கள்.